ஓடும் ரயிலில் சொந்த டம்ளர்: வரலாறும் வகையும் விதியும்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

தேயிலையின் வரலாற்றை எழுதியவர்கள் உண்டு. ரயில்வேயின் வரலாற்றை எழுதியவர்களும் உண்டு. ரயிலில் உட்கார்ந்து தேநீர் வாங்குகிறவர் அதை எதில் வாங்க வேண்டும் என்ற கேள்வியை மட்டும் முன்னவர் பின்னவரிடமும் பின்னவர் முன்னவரிடமும் தள்ளிவிட்டு நழுவிவிட்டார்கள். இதனால் அறிவுலகில் ஒரு டம்ளர் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. அதை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். விளிம்புவரை நிரம்பும் என்று உறுதி கூற இயலாது, வண்டி ஆடுகிறது.

ஆய்வுக் களம், சென்னை எழும்பூருக்கும் மதுரைக்கும் இடையே ஓடும் பகல் வண்டிகள். இரவு வண்டிகள் விலக்கப்பட்டன. தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் எதில் கொடுத்தாலும் குடிப்பார், அவர் நடத்தையிலிருந்து விதி எதுவும் வகுக்க முடியாது. நெடுஞ்சாலை மோட்டல்களில் நிற்கும் பேருந்துகளும் விலக்கப்பட்டன. அங்கே நடத்துநரின் விசிலுக்கும் தேநீரின் சூட்டுக்கும் இடையில் நடப்பது போட்டி, குடித்தல் அன்று. விமானமும் விலக்கு. விலையைக் கேட்டபின் கலத்தைப் பற்றிய கவலை அங்கே எவருக்கும் எழுவதில்லை.

இனி வரையறை. வீட்டிலிருந்து காலியாகக் கிளம்பி, வழியில் நிரம்பி, காலியாகி, மறுபடி நிரம்பி, காலியாகவே வீடு திரும்பும் கலம் எதுவோ அதுவே சொந்த டம்ளர். நிரம்பிக் கிளம்புவது பிளாஸ்க்; அது கட்டுச்சோற்றின் இனம். காலியாகப் போய்த் திரும்பாமல் விடுவது ‘மறந்துவிட்ட டம்ளர்’. அதற்குத் தனி ஆய்வு தேவை.

2. வரலாறு

சொந்தக் கலத்தோடு ரயிலேறுவது புதுமை என்று நினைப்பவர்கள் கூஜாவை மறந்தவர்கள். திருகு மூடியும் கைப்பிடியும் கொண்ட அந்தப் பித்தளைப் பாத்திரம் ஒரு காலத்தில் பெட்டி படுக்கைக்கு நிகரான பயணச் சாமான். கூடவே ஒரு டம்ளரும் வரும். அந்த டம்ளர் சுற்றுச்சூழலுக்காக வரவில்லை. இன்னொருவர் வாய் வைத்ததில், இன்னொருவர் கை பட்டதில் குடிக்கக் கூடாது என்பதற்காக வந்தது.

இந்த இடத்தில் ஆய்வாளர் சற்று நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து ரயில் நிலையங்களில் இந்துக்களுக்கு ஒரு தண்ணீர், முஸ்லிம்களுக்கு ஒரு தண்ணீர் என்று பிரித்து வைத்திருந்தார்கள். தென்னிந்திய ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு இருந்தது. பெரியாரும் அவர் இயக்கத்தாரும் அதை எதிர்த்துப் போராடி, 1940-களின் தொடக்கத்தில் அது ஒழிந்தது. தண்டவாளத்தை விட்டு இறங்கி ஊருக்குள் போனால் இரட்டைக் குவளை. தலித் மக்களுக்கென்று தேநீர்க் கடை ஓரத்து ஆணியில் தனியாகத் தொங்கிய அந்தக் குவளை, தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு நடைமுறைக்கு வந்து பல பத்தாண்டுகள் கழித்தும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. தமிழ்நாட்டில் டம்ளரை ஆராயப் புகுந்தவர் எவரும் இந்த ஆணியைக் காணாததுபோல் கடந்து போக முடியாது.

இப்போது கடல் கடந்து ஒரு பார்வை. அமெரிக்க ரயில்களில் தண்ணீர்த் தொட்டியருகே ஒரே ஒரு பொதுக் குவளை வைத்திருப்பார்கள். வண்டியில் உள்ள அத்தனை பேரும் அதில்தான் குடிக்க வேண்டும், காசநோய்க்காரரும் அதில்தான். கான்சாஸ் மாநிலத்தின் சுகாதார அதிகாரி சாமுவேல் கிரம்பைன் இதைக் கண்டு கொதித்து, 1909-இல் ரயில்களிலும் பொது இடங்களிலும் பொதுக் குவளையைத் தடைசெய்ய வைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் லாரன்ஸ் லூயலன் என்பவர் ஒருமுறை குடித்துவிட்டு எறியும் காகிதக் கோப்பையைக் கொண்டுவந்தார். அதுதான் பின்னாளில் டிக்சி கப் என்று பெயர் பெற்றது. காகிதக் கோப்பையின் பிறப்பில் ரயிலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இதனால் அறிக.

இங்கே தருக்க நூலார் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. காகிதக் கோப்பை மருந்தாக வந்தது பொதுக் குவளை என்ற நோய்க்கு. சொந்த டம்ளர் அந்த நோயின் பட்டியலில் எப்போதும் இருந்ததில்லை. அப்படியிருக்க, மருந்து வந்து நூறாண்டு கழித்து, நோயில்லாதவரும் வேளாவேளைக்கு மருந்து சாப்பிடுவது ஏன்?

இந்திய ரயில்களில் காகிதம் நேராக வந்துவிடவில்லை. மண் குவளை, கண்ணாடி டம்ளர், மெல்லிய பிளாஸ்டிக் கோப்பை என்று பல அவதாரங்கள் உண்டு. 2004-இல் ரயில்வே அமைச்சராக வந்த லாலு பிரசாத் யாதவ் ‘குல்ஹட்’ என்னும் மண் குவளையை வண்டிகளிலும் நிலையங்களிலும் புகுத்தினார். வடக்கே அது ஓரளவு ஓடியது. விழுப்புரம் சந்திப்புவரை அது வந்து சேர்ந்ததற்கான தடயம் இவ்வாய்வில் கிடைக்கவில்லை.

தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடைசெய்தது. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் உண்டு. தயாரிப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் காகிதக் கோப்பை மீதான தடையை உறுதி செய்தது. ஆக, சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டு, அரசாணையாகி, உயர் நீதிமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் தாண்டி வந்த தடை ஒன்று நமக்கு இருக்கிறது. அதைப் பற்றி இன்னும் கேள்விப்படாத ஒரே பொருள், அந்தக் காகிதக் கோப்பை.

காகிதத்தில் ஏன் பிளாஸ்டிக் என்று கேட்பவர்களுக்கு: வெறும் காகிதத்தில் தேநீர் ஊற்றினால் அது தேநீரைக் குடித்துவிடும். ஆகவே உட்புறத்தில் பாலித்தீன் படலம் ஒன்றை ஒட்டுகிறார்கள். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று, இத்தகைய கோப்பையில் 100 மி.லி. சூடான நீரை 15 நிமிடம் வைத்திருந்தால் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன என்று கண்டது. பதினைந்து நிமிடம் யார் வைத்திருக்கிறார்கள் என்று எதிர்வாதம் செய்வோர், மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு ஒரு கையில் தேநீரும் மறு கையில் கைபேசியுமாக இருப்பவரை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கவும்.

3. வகைப்பாடு

ரயிலில் சொந்தக் கலத்தோடு காணப்படுவோர் மூன்று வகையினர்.

முதல் வகை, பிளாஸ்க் மரபினர். வீட்டிலேயே காபி போட்டு எடுத்து வருவார்கள். ரயில் காபியைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் இல்லாதவர்கள். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் பிளாஸ்க் காலியாகிவிடும். விழுப்புரத்தில் அபிப்பிராயம் தளரும். அப்போது பிளாஸ்க்கின் மூடியே டம்ளராகி, ரயில் தேநீருக்கு நீளும். கலம் முன்னதாகவே இருக்க, கொள்கை பின்னதாக மாறும் வகை இது.

இரண்டாம் வகை, பையின் பக்கவாட்டுப் பையில் இரட்டைச் சுவர்க் குவளையை எல்லோருக்கும் தெரியும்படி செருகி வருவோர். அதன்மேல் பூமியைக் காப்பாற்றுவது பற்றி ஏதாவது அச்சிட்டிருக்கும். கடைசிவரை அதில் தண்ணீர்தான் குடிப்பார்கள். தேநீர் வாங்கினால் கறை படியும் என்பது இவர்களின் அச்சம்.

மூன்றாம் வகை, எவர்சில்வர் டம்ளரைத் துண்டில் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்திருக்கும் மூதாட்டிகள். இவர்களிடம் கொள்கை எதுவும் அச்சிட்ட வடிவில் இல்லை. ஆனால் வண்டி நிற்பதற்கு முன்பே டம்ளர் வெளியே வந்துவிடும். இவ்வாய்வின் உயர்தரத் தரவுகள் அனைத்தும் இவர்களிடமிருந்தே பெறப்பட்டன.

நிலத்தில் இதற்கு இணையான மரபு ஏற்கெனவே உண்டு. அலுவலகப் பையன் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போய் “அண்ணே, ஆறு டீ” என்றால் எந்தக் கடைக்காரரும் வியப்பதில்லை. தூக்குவாளியில் பால் வாங்கிய சமூகம் இது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே இயக்கம் தொடங்கியபோது, காய்கறிக்குப் பை கொண்டுபோகும் பழக்கத்துக்குத் திரும்பச் சொன்னார்கள். மஞ்சப்பைக்குள் ஒரு டம்ளரைப் போடச் சொல்ல ஏனோ மறந்துவிட்டார்கள். ஜெர்மானியர் மறக்கவில்லை. 2023 ஜனவரி முதல் அங்கே எடுத்துச் செல்லும் பானம் விற்கும் கடைகள் மறுபடி பயன்படும் கலத்திலும் தந்தாக வேண்டும். சிறிய கடையென்றால் வாடிக்கையாளர் கொண்டுவரும் கலத்திலாவது நிரப்பித் தர வேண்டும்.

4. களத் தரவு

கீழ்வரும் நிகழ்வு விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் இடையில் பதிவு செய்யப்பட்டது.

தேநீர் விற்பவர் வருகிறார். வலக்கையில் திருகு குழாய் வைத்த எவர்சில்வர் கேன். இடக்கையில் காகிதக் கோப்பைகளின் கோபுரம், முழங்கையோடு சேர்த்து அணைத்தபடி. ஜன்னலோர மூதாட்டி டம்ளரை நீட்டுகிறார்.

“தம்பி, இதுல ஊத்துப்பா.”

விற்பவர் தயங்குகிறார். பிறகு கோபுரத்தின் அடியிலிருந்து ஒரு கோப்பையை உருவுகிறார். இரண்டு ஒட்டிக்கொண்டு வருகின்றன. வாயால் ஊதிப் பிரிக்கிறார். ஒன்றை மேலே செருகிவிட்டு மற்றதில் தேநீரைப் பிடித்து, அதை மூதாட்டியின் டம்ளரில் கவிழ்க்கிறார். காலிக் கோப்பையை இருக்கைக்கு அடியில் போட்டுவிட்டு நகர்கிறார்.

“ஏம்ப்பா, அதையும் கெடுத்துட்டியே! அதுக்குத்தானே டம்ளர் கொண்டாந்தேன்.”

“கணக்கு கப்புலதான் பாட்டி. எத்தனை கப் போச்சோ அத்தனை டீக்குக் காசு கட்டணும்.”

இந்தச் சிறு உரையாடலில் அடங்கிய கண்டுபிடிப்புகளை விரித்துரைப்பது ஆய்வாளர் கடமை.

ஒன்று: காகிதக் கோப்பை இங்கே குடிக்கும் கலமாக வேலை பார்க்கவில்லை. அது ரசீது. மாலையில் மிச்சக் கோப்பையை எண்ணிப் பார்த்தால் விற்ற தேநீர் எவ்வளவு என்று ஒப்பந்தக்காரருக்குத் தெரிந்துவிடும். ரசீதைக் கிழிக்காமல் சரக்கைக் கொடுக்க விற்பவருக்கு அதிகாரம் இல்லை. அவரைக் கோபித்துப் பயனில்லை.

இரண்டு: அது அளவுகோலும்கூட. ரயில்வேயின் விலைப்பட்டியல், 150 மி.லி. தேநீரை 170 மி.லி. கொள்ளும் கோப்பையில் தர வேண்டும் என்கிறது. இடைப்பட்ட 20 மி.லி. வண்டியின் குலுக்கலுக்காக விடப்பட்ட வெற்றிடம் என்று கொள்ளலாம். இவ்வளவு தொலைநோக்கோடு அரசு எழுதிய வேறு வாக்கியம் கிடைப்பது அரிது. ஆனால் களத்தில் நடமாடும் கோப்பைகள் பட்டியலைப் படித்ததாகத் தெரியவில்லை. அவை கட்டைவிரல் உயரத்திலேயே நின்றுவிடுகின்றன.

மூன்று, இதுவே தலையாயது: சிறிய கோப்பை எப்போதும் நிறைந்தே காணப்படும். அதே தேநீர் வீட்டு டம்ளரில் இறங்கியதும் அடியில் ஒரு விரற்கடைக்குப் பதுங்கிக்கொள்கிறது. மூதாட்டி டம்ளருக்குள் எட்டிப் பார்க்கிறார். எதிர் இருக்கைக்காரரும் எட்டிப் பார்க்கிறார். பத்து ரூபாய்க்குக் கிடைத்தது இவ்வளவுதான் என்ற உண்மை அந்தப் பெட்டியில் முதன்முறையாக வெளிப்படுகிறது. சொந்த டம்ளர்மீது விற்பனை உலகுக்கு உள்ள மனத்தாங்கலின் வேர் சுகாதாரத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்பது இவ்வாய்வின் துணிபு.

நான்கு: சுத்தத்துக்காக உருவாக்கப்பட்ட கோப்பை, பயணியின் கைக்கு வருமுன் அன்னியர் ஒருவரால் உள்ளே ஊதப்படுகிறது. கிரம்பைன் இதைப் பார்க்க இல்லாமல் போனது அவருக்கு நல்லது.

5. விதி

மேற்கண்ட தரவுகளிலிருந்து, பழைய இலக்கண முறையை ஒட்டி, ஒரு நூற்பா வகுக்கப்படுகிறது.

தன்கலம் ஏந்தித் தேநீர் கொள்வோன்
தாட்கலம் உருவுமுன் தன்கலம் நீட்டலும்
சில்லறை தரலும் சிறிதுகுறைந் தாலும்
சொல்லா தமைதலும் முறையென மொழிப.

இதன் உரை வருமாறு:

‘உருவுமுன்’ என்றதனால், உருவிய பின் நீட்டுதல் விலக்கப்பட்டது. கோபுரத்தை விட்டு வெளியே வந்த கோப்பை கணக்கில் செலவாகிவிடும். அதன்பின் டம்ளரை நீட்டினால் குப்பையும் சேரும், கழுவும் வேலையும் சேரும்.

‘சில்லறை’ என்றதனால் ஐந்நூறு ரூபாய்த் தாள் விலக்கப்பட்டது. கைபேசியில் செலுத்துவது சில்லறை என்பதனுள் அடங்குமோ எனின், சிக்னல் உள்ள இடத்தில் அடங்கும், இல்லாத இடத்தில் அடங்காது என்க. பணம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் தேநீர் ஆறுதல் ஒருதலை.

‘சிறிதுகுறைந் தாலும்’ என்றமையால், பெரிதும் குறைந்தால் சொல்லலாம் என்பது பெறப்பட்டது. எவ்வளவு குறைந்தால் பெரிது எனின், அது குடிப்போன் வயதையும் குரலையும் பொறுத்தது. மூதாட்டிகளுக்கு இவ்விதி பொருந்தாது. அவர்கள் எப்போதும் சொல்லலாம்.

‘மொழிப’ என்றது யார் மொழிந்ததை எனின், இதுவரை எவரும் மொழியாமையின், மேற்கண்ட மூதாட்டியையே ஆசிரியராகக் கொள்க.

6. தடைகளும் விடைகளும்

எவர்சில்வர் சுடுமே என்பது முதல் தடை. சுடும். அதற்காகத்தான் நம் டம்ளருக்கு விளிம்பு மடித்திருக்கிறார்கள். பெருவிரலும் நடுவிரலும் விளிம்பைப் பிடிக்க, சுட்டுவிரல் சும்மா இருக்க, ஊதி ஊதிக் குடிக்கும் முறையை இந்நாட்டவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. விரல் பழகாதவர் கைக்குட்டையைச் சுற்றிக்கொள்ளலாம். டவராவும் கொண்டுவந்து ஆற்றிக் குடிக்க விரும்புவோர், வண்டி வளைவில் திரும்பும்போது மட்டும் ஆற்றுவதை நிறுத்தி வைக்க வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவர் வெள்ளை வேட்டிக்காரர் என்றால் வளைவில்லாத இடத்திலும்.

எங்கே கழுவுவது என்பது இரண்டாம் தடை. ஒவ்வொரு பெட்டியின் கோடியிலும் கழுவுதொட்டி உண்டு. அதன் குழாயைத் திறந்துவிட்டுப் போக முடியாது. அமுக்கிப் பிடித்தால்தான் தண்ணீர். ஒரு கை குழாயை அமுக்க, மறு கை டம்ளரைப் பிடிக்க, தேய்க்க மூன்றாம் கை வேண்டியிருக்கிறது. இந்தப் பொறியியல் சிக்கலுக்கு எளிய விடை, குடித்த கையோடு சொந்தத் தண்ணீர் பாட்டிலிலிருந்து இரண்டு மடக்கு ஊற்றி, சுழற்றி, அதையும் குடித்துவிடுவது. சாம்பார் சாதத்துக்குப் பின் தட்டைக் கழுவிக் குடித்த தலைமுறைக்கு இதில் அருவருப்பு இராது.

தொற்று பரவாதா என்பது மூன்றாம் தடை. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது ஸ்டார்பக்ஸ் போன்ற பெரிய காபிக் கடைகளே வாடிக்கையாளர் கொண்டுவரும் குவளைகளை வாங்குவதை நிறுத்தி வைத்தன. பின்னர் மீண்டும் ஏற்றுக்கொண்டன. ரயிலில் இந்தச் சிக்கல் இன்னும் எளிது. டம்ளர் உங்கள் கையிலேயே இருக்கிறது, கேனின் குழாய் அவர் கையில் இருக்கிறது. இடையில் தேநீர் மட்டுமே பயணம் செய்கிறது.

நான்காம் தடை வெட்கம். ஆய்வில் இதுவே மிகக் கடினமானதாகத் தெரிந்தது. பெட்டி முழுவதும் காகிதக் கோப்பையில் குடிக்கையில் ஒருவர் மட்டும் டம்ளரை நீட்டினால் கஞ்சன் என்பார்களோ, ஆசாரக்காரன் என்பார்களோ என்ற கூச்சம். கஞ்சன் என்ற பழி நிற்காது; டம்ளருக்கு விலையில் தள்ளுபடி ஏதும் கிடைப்பதில்லை.

இரண்டாவது பழி அப்படித் தள்ளக்கூடியதன்று. வரலாற்றில் அதற்குக் காரணம் இருக்கிறது. காகிதக் கோப்பை எத்தனை கேடு செய்திருந்தாலும், ஒரு நன்மையை அதனிடமிருந்து பறிக்க முடியாது. நீ யார், உன் ஊர் எது, தெரு எது என்று கேட்காமல் எல்லோருக்கும் ஒரே கோப்பை என்று அது நீண்டது. ஓரத்து ஆணியில் தொங்கிய குவளையை அறிந்த ஒருவருக்கு, தூக்கி எறியும் கோப்பை மானத்தைக் காத்த பொருள். அதை அவர் கையிலிருந்து பிடுங்கும் உரிமை கூஜாவின் வாரிசுகளுக்குக் கிடையாது.

எனவே, புது டம்ளரைப் பழைய டம்ளரிலிருந்து பிரித்தறிய ஒரு சோதனை தேவைப்படுகிறது. சோதனை இதுதான். எதிரே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவர், “ஒரு நிமிஷம் அந்த டம்ளரைக் குடுங்க, நானும் ஒரு டீ வாங்கிக்கிறேன்” என்று கேட்டால், அலசிக் கொடுப்பீர்களா? கொடுத்ததைத் திரும்ப வாங்கி, அலசி, நீங்களும் அதில் குடிப்பீர்களா? ஆம் என்றால் உங்கள் கையில் இருப்பது குப்பையைத் தவிர்க்கும் டம்ளர். இல்லை என்றால் அது மனிதரைத் தவிர்க்கும் டம்ளர். அதற்குக் காகிதக் கோப்பையே மேல்.

விருத்தாசலம் மூதாட்டி இச்சோதனையில் தேறினார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். எதிர் இருக்கைக் கல்லூரி மாணவி கேட்காமலேயே, “நீயும் இதுல வாங்கிக்க கண்ணு, கழுவித்தான் வச்சிருக்கேன்” என்று டம்ளரை நீட்டினார். மாணவியும் வாங்கிக் குடித்தாள்.

7. முடிவும் பரிந்துரைகளும்

ரயில்வே செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தேநீர்க் கணக்கைக் கோப்பையின் எண்ணிக்கையிலிருந்து விடுவித்து, கேனின் கொள்ளளவில் வைத்தால் போதும். கேனோடு சங்கிலியில் ஓர் அளவுக் குவளையைக் கட்டிக் கொடுக்கலாம். எண்ணெய்க் கடையிலும் பால் பூத்திலும் அளவுக் குவளை பார்த்த நாடுதான் இது. 150 மி.லி. என்று எழுதியிருப்பதை அந்தக் குவளை நாணயமாகக் காட்டும். டம்ளர் கொண்டுவருபவருக்கு ஒரு ரூபாய் குறைத்தால், வெட்கம் என்ற நான்காம் தடை அடுத்த நிலையத்துக்குள் இறங்கிப் போய்விடும்.

அதுவரை பயணிகள் செய்யக்கூடியது: பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து வைக்கும்போதே ஒரு டம்ளரையும் எடுத்து வையுங்கள். பத்து ரூபாயைச் சட்டைப் பையில் தனியே போடுங்கள். “டீ… காபி…” குரல் இரண்டு வரிசை தள்ளிக் கேட்கும்போதே டம்ளரை வெளியே எடுத்துவிடுங்கள். அவர் கை கோபுரத்துக்குப் போகுமுன் நீட்டுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம், “உங்களுக்கும் இதுல வாங்கட்டுமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.